நெல்லிடை நகர்ந்த வீடு

மலைமகளுக்குத் தன் மேனியில் ஒரு பாதியை இடமாகக் கொடுத்து, கொடுத்தது போதாதோ என்று சடையில் ஒரு நதிக்கும் அதன் ஓரத்தில் ஒரு பிறைக்கும் மிடற்றில் கொடிய நஞ்சுக்கும்கூட இடம் ஒதுக்கி, அத்தனையும் தந்த பின்னும் அண்டமெல்லாம் நிறைந்து நிற்பதில் அணுவளவும் குறையாத பெருமானின் திருவடிகளைச் சென்னியில் சூடிக்கொண்டு இந்தக் கதையைத் தொடங்குகிறேன். ஓர் ஊரார் தங்கள் நாவினால் ஒரு பெண்ணின் வீட்டை ஒடுக்கிய கதை இது. சொல்பவருடைய நாவில் பிழை நேராமல் அவனே காக்க வேண்டும்.

தாமிரபரணியின் தென்கரையில் உள்ள நெல்லியங்கரைக்கு 'அட்ஜஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் எப்போது வந்தது என்பதை அறிந்தவர் யாருமில்லை. சைக்கிள் கடையில் பிரேக்குக் கட்டையைத் திருகிச் சரிசெய்யும் வேலைக்காக வந்த சொல் அது என்பார்கள் சிலர். வந்த சொல் வந்த வேலையை முடித்துக்கொண்டு திரும்பிப் போகவில்லை. மூவர் அமரும் இருக்கையில் நான்காமவர் இடுப்பை நுழைப்பதற்கும், உப்புக் கூடிய குழம்பில் உருளைக்கிழங்கை நறுக்கிப் போடுவதற்கும், பெண்ணின் ஜாதகத்தில் இருந்த செவ்வாயைச் சோதிடர் ஒரு வீடு தள்ளி வைப்பதற்கும், குடித்துவிட்டு வரும் கணவனுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கும், காது கேளாதவர் தம் கருவியின் சிறு சக்கரத்தை உருட்டுவதற்கும், மாமியாரின் வாய்க்கும், மண்டபத்தின் பந்திக்கும், மூக்குக் கண்ணாடியின் காம்புக்கும், குழாயில் வராத தண்ணீருக்கும் அந்த ஒரே சொல் ஓடியாடி உழைத்தது. இடங்கொடு, விட்டுக்கொடு, பொறுத்துக்கொள், ஒத்துப்போ என்று தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சொல் உண்டு. ஆனால் அவற்றைச் சொன்னால், கொடுப்பவருக்குத் தாம் எதைக் கொடுக்கிறோம் என்பதும் கேட்பவருக்குத் தாம் எதைக் கேட்கிறோம் என்பதும் விளங்கிப் போகும். இந்தச் சொல்லில் அந்தச் சங்கடம் இல்லை. ஆகவே ஊருக்கு அதன்மேல் ஆசை மிகுந்தது.

அவ்வூரின் வடக்கு வீதியில், மூன்று சகோதரர்கள் தங்கள் தகப்பனாரின் வீட்டை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்துகொண்டு வாழ்ந்தார்கள். இருபத்தேழு அடி அகல வீடு, ஒன்பது ஒன்பது அடியாக, மூன்று ரயில் பெட்டிகள்போல் அருகருகே கிடந்தது. கிழக்குப் பங்கில் மூத்தவரான பிறவிப்பெருமாள், மனைவியை இழந்தவர், முழங்கால் வீக்கத்தோடு தனியே இருந்தார். மேற்குப் பங்கில், கடைசித் தம்பி மஸ்கட்டில் வேலைக்குப் போயிருந்தபடியால், அவன் மனைவி செண்பகவல்லி இருந்தாள். நடுப்பங்கு இரண்டாமவரான குற்றாலிங்கத்தினுடையது. அவர் பேருந்து நடத்துநர். அவருடைய மனைவி சங்கரவடிவு வாசலோரத்து அறையில் தையல் மிஷின் போட்டு வீதியிலுள்ள பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துவந்தாள். இருவருக்கும் ஒரே மகள், ஆவுடை, கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள்.

ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில் பிறவிப்பெருமாள் தம் அரிசி டிரம்மை உருட்டிக்கொண்டு வடிவின் வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா வடிவு, எங்க பக்கம் சுவரு ஓதம் அடிக்கி. இந்த டிரம்மு ஒரு ரெண்டு நாளு உன் நடையில இருக்கட்டும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

"அதுக்கென்ன அத்தான், வைங்க," என்றாள் வடிவு.

அவள் அவ்வாறு சொல்லி வாயை மூடிய அளவில் கிழக்குச் சுவர் ஒரு நெல்லிடை, அதாவது ஒரு நெல்மணியின் அகலம், உள்ளே நகர்ந்தது. ஓசை எழவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை, நாட்காட்டி மட்டும் ஆணியில் ஒருமுறை ஆடி நின்றது. மறுநாள் செண்பகவல்லி வந்து, "யக்கா, மூணு ஜாக்கெட்டு, நாளைக்கே வேணும். எனக்காவ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா," என்று கொஞ்ச, "அதுக்கென்ன, குடு," என்று வடிவு துணியை வாங்க, மேற்குச் சுவர் ஒரு நெல்லிடை நகர்ந்தது. இவ்வாறு ஒரு மாதம் சென்ற பின், மிஷினின் சக்கரத்தைச் சுற்றும்போது முழங்கை சுவரில் இடிப்பதைக் கண்ட வடிவு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து அறையை அளந்தாள். அளந்து முடித்துக் கணவருக்குச் சோறு பரிமாறும்போது சொன்னாள்.

"ஏங்க, சுவரு நவுந்திருக்கு."

"எந்தப் பக்கம்?"

"அண்ணாச்சி பக்கமும் நவுந்திருக்கு. தம்பி பக்கமும் நவுந்திருக்கு."

"அப்பம் வெளியாளு யாருமில்லையே," என்று சொல்லிக் குற்றாலிங்கம் ரசத்துக்குக் குழி செய்தார்.

கொத்தனார் வந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். "சுவரு நெட்டுக்குத்தாத்தான் நிக்கி. அதுமேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது," என்று எழுந்து போனார். நில அளவையாளர் வந்து சங்கிலியை இழுத்து மூன்று பங்கையும் அளந்தார். நடுவில் குறைந்தது இருபுறமும் கூடியிருந்தது. மொத்தம் இருபத்தேழு அடியில் இம்மியும் பிசகவில்லை. "கூட்டினா சரியா வருது. இதுல எழுதுறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரே குடும்பந்தானே, உங்களுக்குள்ள அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க," என்றார் அவர். "சரிங்க சார்," என்றாள் வடிவு, அரசாங்கத்து மனிதரிடம் வேறென்ன சொல்வது என்று அறியாமல். இரு சுவர்களும் ஒருசேர நகர்ந்ததில் அவர் கையிலிருந்த கோப்பு நசுங்காதிருக்க ஓர் அடி பின்வாங்கி, நன்றி சொல்லிவிட்டு வெளியேறினார்.

அதன்பின் ஊர் அந்த வீட்டுக்குப் பழகிக்கொண்டது. நெல்லியங்கரையார் கொடியவர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் உண்மையாகவே ஏதோ ஒன்று தேவையாயிருந்தது. தேவையில்லாத ஒன்றை யாரும் வடிவிடம் கேட்டதில்லை. முழங்காலை நீட்ட இடமின்றி நாற்காலியிலேயே உறங்கிவந்த பிறவிப்பெருமாளுக்குக் கட்டில் போட இடம் கிடைத்தது. செண்பகவல்லிக்கு வாஷிங் மெஷின் வைக்க ஒரு மூலையும், பிறகு சுவாமி படங்களுக்கு ஓர் அறையும் கிடைத்தன. தச்சர் வடிவின் பெஞ்சை ஒருபுறம் இழைத்து ஒடுக்கிக் கொடுத்தார். பால்காரர் பக்கவாட்டில் நின்று பால் ஊற்றக் கற்றுக்கொண்டார். பூக்காரி கூடையைத் தலையிலிருந்து இறக்கி நெடுக்காகப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள். நிலைக்கதவும் சுவர்களோடு சேர்ந்து ஒடுங்கியது. மரம் பிளக்கவுமில்லை, கீல் முனகவுமில்லை. குற்றாலிங்கமோ, முப்பது ஆண்டு நெரிசலுக்குள் புகுந்து டிக்கெட் கிழித்தவராகையால், எந்த இடுக்கிலும் சட்டை கசங்காமல் போய்வந்தார். மூன்றாம் ஆண்டில் வீட்டின் அகலம் நான்கடியாயிற்று. வடிவு மிஷினை நீளவாக்கில் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி தைத்தாள்.

அவளுடைய புகழ் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. மணம் நிச்சயமான பெண்களை, கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நெல்லியங்கரைக்கு அழைத்துவந்து, வடிவின் கையால் குங்குமம் வைக்கச் செய்து, அந்த வீட்டின் வாசலிலிருந்து புறவாசல்வரை ஒருமுறை பக்கவாட்டாக நடக்கவைக்கும் வழக்கம் தோன்றியது. அவ்வாறு நடந்தவள் புகுந்த வீட்டில் கண் கலங்கமாட்டாள் என்றார்கள். மஞ்சளும் மல்லிகையும் மணக்க, பட்டுப் புடவை இருபுறமும் சுவரில் உரச, எத்தனையோ பெண்கள் அந்த வழியே போனார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் பாதியில் நின்று, "அத்தே, உங்களுக்கு மூச்சு முட்டலியா?" என்று கேட்டாள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா வாட்டி," என்று அவள் தாய் பின்னாலிருந்து கிள்ளினாள்.

"பழகிரும்மா," என்றாள் வடிவு. அன்றைக்கு யாரும் எதையும் கேட்காமலே சுவர்கள் நகர்ந்தன.

இப்படியிருக்கையில் ஆவுடை கருவுற்றாள். தலைப்பேறு தாய்வீட்டில் என்பது அவர்கள் குலத்தில் மாறாத முறை. ஒன்பதாம் மாதம் வளையல் பூட்டி அனுப்பிவிடுவார்கள். அவ்வாறு புறப்பட்டவள் பிள்ளையைக் கையில் ஏந்தியன்றிப் புகுந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. செய்தி கேட்டு ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்த வடிவு, மிஷின் முன் அமர்ந்து, மகளின் வயிறு மாதத்துக்கு மாதம் அகலும் என்பதையும் தன் வீடு நாளுக்கு நாள் ஒடுங்கும் என்பதையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தாள். நினைத்தபோது, அத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அவளுக்கு அச்சம் பிறந்தது.

இனி 'அதுக்கென்ன' என்று சொல்வதில்லை என்று அம்மன் சந்நிதியில் தீர்மானம் செய்தாள். செய்துவிட்டுத் திரும்பும்போதே பின்னால் நின்றவர், "தீபாராதனை தெரியல, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி நில்லும்மா," என்றார். "அதுக்கென்ன," என்று சொல்லி விலகினாள். நாவு அவளுடையதாயிருந்தும் அவள் வசமில்லை. மறுநாள் முதல் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மௌனமாயிருந்தாள். மௌனத்தை ஊரார் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். சுவர்களும் அவ்வாறே எடுத்துக்கொண்டன.

கணவரிடம் சொன்னாள். "நாம வேற வீடு பாப்பமா?"

"பரம்பரை வீட்டை விட்டுட்டா? அண்ணாச்சி மனசு என்ன பாடுபடும்? வடிவு, நான் எத்தனை பஸ்ஸைப் பாத்திருக்கேன். இனி ஒரு ஆளு ஏற முடியாதுன்னு தோணும். ஆனா எப்பவும் இன்னும் ரெண்டு பேருக்கு இடமிருக்கும்."

"பஸ்ஸில யாரும் பிள்ளை பெறதில்லீங்க."

"பெத்திருக்கா. கடையம் வண்டியில ஒருத்தி பெத்தா," என்றார் குற்றாலிங்கம், மெய்யான கனிவோடு. "நாங்கெல்லாம் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி நின்னுக்கிட்டோம்."

அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை; கோபம் கொள்ளவும் சற்று அகலம் வேண்டியிருந்தது. கிழக்குப் பங்குக்குப் போய், கட்டிலில் காலை நீட்டி விபூதி பூசிக்கொண்டிருந்த பிறவிப்பெருமாளின் முன் நின்றாள்.

"அத்தான், ஆவுடை வாறா. உங்க பக்கம் ஒரு பாய் விரிக்க இடம் குடுத்தியள்னா நாப்பது நாளுல எடுத்துக்கிடுவேன்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது உன் வீடு மாதிரிதானம்மா. ஆனா பிள்ளை பெத்த தீட்டு, எனக்குப் பூசை இருக்கு பாத்தியா. நீ மனசு வச்சா அங்கயே முடியும். சாமியே பாரு, அம்மைக்குப் பாதி உடம்பை அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்தாரு. நீ ஒரு நெல்லிடைக்குக் கணக்குப் பாக்கலாமா?"

"அவரு குடுத்தாரு அத்தான். அம்மையைப் பாத்து 'நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'ன்னு சொல்லலியே."

பிறவிப்பெருமாள் சிரித்தார். "வாய் வளந்திட்டு உனக்கு. சரி, சரி, பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, போ."

"சரி அத்தான்," என்றாள் வடிவு. வீட்டுக்குள் வந்து தன் வாயைத் தானே அறைந்துகொள்ள ஓங்கிய கை சுவரில் இடித்துக்கொண்டது.

தை மாதத்து வெள்ளிக்கிழமை முற்பகலில் கடையநல்லூரிலிருந்து வேன் வந்தது. இரு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல் குலுங்க, மாமியார் தோளைப் பற்றிக்கொண்டு, ஆவுடை இறங்கி வாசலுக்கு வந்தாள். அப்போது அந்த நிலைக்கதவின் அகலம் ஒரு முழம்கூட இல்லை. உள்ளே வடிவு, கரைத்த நீர் சிந்துமென்பதால் ஆலத்தித் தட்டை நெடுக்காகப் பிடிக்க முடியாமல் தலைக்குமேல் தூக்கி நின்றாள். ஆவுடை நேராக நுழைந்து பார்த்தாள், தோள்கள் தடுத்தன. பக்கவாட்டாகத் திரும்பினாள், வயிறு தடுத்தது.

"ஒருக்களிச்சு வாட்டி," என்றாள் பூக்காரி. "மூச்சை உள்ள இழு தாயி," என்றார் பால்காரர். "முதல்ல வளையலைக் கழட்டட்டும்," என்றாள் ஒருத்தி, "வளையலா தடுக்கு, கிறுக்கி?" என்றாள் மற்றொருத்தி. மாமியார் வேனைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் திரும்ப அழைத்துப் போக முறையில்லை என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். முன்னே போகவும் பின்னே போகவும் வழியற்று ஆவுடை வெயிலில் நின்றாள். அவள் மேலுதட்டில் வேர்வை அரும்பியது. குற்றாலிங்கம் பேருந்தில் சொல்வதுபோல், "இந்தா, அவ்வளவுதான், உள்ள போ, உள்ள போ," என்று மென்மையாகச் சொன்னார். கிழக்கு வாசலில் கம்பை ஊன்றி நின்ற பிறவிப்பெருமாள், குழந்தையைக் கொஞ்சும் குரலில், "ஆவுடை, நீ எங்க வடிவு பெத்த பிள்ளையில்லா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு தாயி," என்றார்.

ஆவுடை வளர்ந்தது அந்த வீட்டில்தான். பெரியவர்கள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குப் பாலோடு புகட்டப்பட்டிருந்தது. அவள் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்து வாயைத் திறந்தாள். "அதுக்..." என்று சொல் பாதி வெளிவந்ததும், நிலைகள் இரண்டும் அவள் வயிற்றை நோக்கி அசையத் தொடங்கின.

ஆலத்தித் தட்டு கீழே விழுந்து வீதியில் உருண்டது. கதவிடுக்கு வழியே நீண்டு வந்த வடிவின் கை மகளின் வாயைப் பொத்தியது.

"சொல்லாத."

வளையல்கள் ஓய்ந்தன. மௌனமும் சம்மதமாகிவிடும் என்பதை அறிந்த வடிவு, கையை எடுக்காமல் கேட்டாள்.

"எவ்வளவு அத்தான்?"

"என்னது எவ்வளவு?"

"கொஞ்சம்னு சொன்னியள்லா. எவ்வளவு கொஞ்சம்? கையால காட்டுங்க. பிள்ளையை எவ்வளவு குறைக்கணும்?"

அந்தச் சொல் அவ்வூருக்கு வந்த நாளிலிருந்து அதனிடம் யாரும் அளவு கேட்டதில்லை. பிறவிப்பெருமாள் பெரியவர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியவர். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஒரு நெல் அளவுக்குச் சேர்த்துக் காட்டினார். காட்டிவிட்டு ஆவுடையின் வயிற்றைப் பார்த்தார். விரல்களைச் சற்று விரித்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார். அவை எங்கே நிற்பது என்று தெரியாமல் காற்றில் அகன்றுகொண்டே போயின. எங்கே நிறுத்தினாலும் அது அந்தப் பெண்ணின் உடம்பாகவோ, உள்ளே இருந்த சிசுவின் உடம்பாகவோ இருந்தது. வீதியில் நின்றவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அசையத் தொடங்கிய நிலைகள் அந்த இடத்திலேயே நின்றன.

பிறவிப்பெருமாளின் கைகள் கீழே இறங்கின. அவர் நொண்டிக்கொண்டு உள்ளே போனார். கட்டில் தரையில் தேய்ந்து நகரும் சத்தம் வீதிவரை கேட்டது. பிறகு கிழக்கு வாசலின் இரு கதவுகளும் விரியத் திறந்தன.

"வலது காலை எடுத்து வச்சு வா தாயி," என்றார் அவர். "சாமி படத்தைச் செண்பகம் பக்கம் அனுப்பிருதேன். அங்கன இடமிருக்கு."

செண்பகவல்லி வீதியில் கிடந்த தட்டை எடுத்துக் கழுவிப் புதிதாக மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தாள். வடிவு ஒருக்களித்து வெளியே வந்து மகளுக்கு ஆலத்தி சுற்றினாள்.

கட்டில் கிடந்த அந்த இடம் ஒருகாலத்தில் வடிவின் மிஷின் நின்ற இடம். மாசி மாதத்தில் அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாற்பது நாளும் வடிவு மகளின் பக்கத்தில் பாய் விரித்துக் கிடந்தாள். நெடுநாளுக்குப் பின் முதல்முறையாக மல்லாந்து படுத்தவளுக்குத் தொடக்கத்தில் உறக்கம் பிடிக்கவில்லை. இரு தோளிலும் ஏதோ ஒன்று குறைவதுபோல் இருந்தது. பிறகு பழகியது. நாற்பத்தோராம் நாள் ஆவுடை குழந்தையோடு கடையநல்லூருக்குப் போனாள்; பிறவிப்பெருமாளின் கட்டில் பழைய இடத்துக்கு வந்தது; வடிவு தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

கொடுத்த இடம் மீளவில்லை. அந்தச் சுவர்கள் இன்றும் அவ்வாறே நிற்கின்றன. உள்ளேயும் நகர்வதில்லை, வெளியேயும் நகர்வதில்லை. வடிவு பக்கவாட்டாக நடந்து, சுவரைப் பார்த்துத் தைத்து, ஒருக்களித்துப் படுக்கிறாள். மணப்பெண்களை யாரும் இப்போது அங்கே அழைத்துவருவதில்லை. அவளுக்கு வாய்த்துடுக்கு ஏறிவிட்டது என்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் இன்னமும் கேட்கத்தான் செய்கிறார்கள். அவளும் ஒவ்வொருவரிடமும் அளவைக் கேட்கிறாள். சிலர் கையை விரித்துப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுப் போகிறார்கள். சிலர் உண்மையான அளவைச் சொல்லிவிடுகிறார்கள், அப்போது அவள் கொடுக்கவும் செய்கிறாள், கொடுத்தது இன்னதென்று அறிந்து. கடையநல்லூரில் ஆவுடையின் வீடு எத்தனை அடி அகலம் என்பதை மட்டும், மாதம் ஒருமுறை போகும்போதெல்லாம், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பாகவே கண்ணால் அளந்துகொள்கிறாள்.

இதைக் கேட்டவர்களுக்கும், கேட்டவர்கள் தினந்தோறும் யாரிடம் எதைக் கேட்கிறார்களோ அவர்களுக்கும், மல்லாந்து படுத்து இரு கைகளையும் விரித்தால் விரல்நுனியில் சுவர் தட்டாத ஓர் இடத்தை இறைவன் அருள்வானாக.